ஐம்பதாயிரம் வருஷத்துத் துக்கம்

எங்கள் பள்ளத்தாக்கில் இரண்டு ஊர்கள். மேலே கானிஸார், கீழே தாரபன். சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் என் டீக்கடை. இரண்டு ஊர்க்காரர்களும் என்னிடம்தான் டீ குடிப்பார்கள், ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். அதனால் இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே உயரமா என்று கயிறு வைத்து அளந்து பார்த்த மகான்களும் உண்டு.

வெளியாட்கள் இதைத் தண்ணீர்ச் சண்டை என்று நினைப்பார்கள். தண்ணீர் எங்களுக்குத் தாராளம், மேய்ச்சலும் தாராளம். சண்டை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: இந்தப் பள்ளத்தாக்குக்கு யார் முதலில் வந்தது? கானிஸார் ஊர்த்தலைவர் மாமண்டைக் கேட்டால், பிரளயம் வடிந்து நூஹ் நபியின் கப்பல் தரை தட்டியபோது கயிற்றைப் பிடித்து மரத்தில் கட்டியதே தன் பாட்டன்தான் என்பார். தாரபன் தலைவர் ரெசூலைக் கேட்டால், அந்த மரத்தை நட்டது யார் என்று திருப்பிக் கேட்பார். இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. உருப்படியாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

இந்த இரண்டு ஊர்களும் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போயின. பீரோஸ் தங்கள் ஊர்க்காரி இல்லை என்பதில்.

பீரோஸின் புருஷன் ஸாபிர் பிறந்தது கானிஸாரில். கல்யாணமாகிக் குடியிருந்தது தாரபனில், குத்தகை நிலத்தில். எண்பத்தெட்டில் பட்டாளம் வந்து இரண்டு ஊர்களையும் எரித்தது, அகப்பட்ட ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. அதில் ஸாபிரும் ஒருவன். போனவர்களில் யாரும் திரும்பவில்லை. எல்லைக்கு அப்பால் ஓடிய நாங்கள் சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது, வீடு கட்டிக்கொடுக்க ஒரு வெளிநாட்டுச் சங்கம் வந்தது. பீரோஸ் மாமண்டிடம் போனாள். “ஸாபிர் தாரபன்ல குடியிருந்தவன்மா, அங்க போய்க் கேளு” என்றார். ரெசூலிடம் போனாள். “அவன் ரத்தம் கானிஸார் ரத்தமாச்சே” என்றார். வீடு போனது. சரி, புருஷனுக்குத் துக்கப் பந்தலாவது போடுங்கள் என்று கேட்டாள். அதற்கும் அதே பதில். போதாக்குறைக்கு முல்லா ஹைதர், “மையத்து இல்லாம எப்படிம்மா துக்கம் கேக்கறது?” என்று தாடியைத் தடவினார். எத்தனையோ வீட்டில் உடல் கிடைக்காமலே பந்தல் போட்டார்கள், அது வேறு விஷயம்.

அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் பெரிய குகைக்குப் போய்விட்டாள். அவள் எந்த ஊர் என்று குகை கேட்கவில்லை. உள்ளே தடுப்புக் கட்டி, அடுப்புப் போட்டு, முப்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தயிரும் பாலாடைக்கட்டியும் கொண்டுவருவாள். இரண்டு பெஞ்சிலும் உட்கார மாட்டாள், அடுப்புப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்து டீ குடிப்பாள்.

இந்த வசந்தத்தில் எர்பில் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் ஷிலான் என்ற பெண் ஆட்களோடு வந்து அந்தக் குகையைத் தோண்டினாள். காய்ச்சலுக்கு மருந்து தரும் டாக்டர் இல்லை, எலும்பு படித்த டாக்டர். ஆடுகள் படுக்கும் மூலையில் சாம்பலுக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே இன்னொரு சாம்பல். ஆள் உயரத்தைவிட ஆழமாக இறங்கியபோது ஒரு முழு மனிதன் எலும்புக்கூடாக ஒருக்களித்துப் படுத்திருந்தான். நியாண்டர்தால் மனிதன், ஐம்பதாயிரம் வருஷம் பழையவன் என்றாள் ஷிலான்.

பின்னாலேயே வட்டார அதிகாரி வந்தார். எங்கள் பக்கம் கழுத்தில் டை கட்டும் ஒரே ஆள் அவர்தான். கடைக்கு முன்னால் காரை நிறுத்தி அறிவித்தார்.

“குகைக்குக் கேட் போடறோம். தார்ரோடு வருது. டிக்கெட் வெச்சு ஆளுங்க வந்து பாப்பாங்க. காவலுக்கு அரசாங்க வேலை ஒண்ணு இருக்கு, குகையிலயே தங்கிக்கலாம். அந்த வேலை, குகை யாரோட பூர்வீகமோ அந்த ஊருக்கு. யாரோடதுன்னு நீங்களே பேசி முடிச்சுச் சொல்லுங்க.”

பீரோஸ் கல்லிலிருந்து எழுந்தாள். “ஐயா, அங்க நான் இருக்கேன்.”

“நீ எந்த ஊரும்மா?”

அவள் இரண்டு பெஞ்சையும் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பெஞ்சும் டீ கிளாஸுக்குள் பார்த்தது.

“அப்ப நீ காலி பண்ணணும். பூர்வீகம் முடிவாகட்டும், அன்னைக்கே ஆடுகளை ஓட்டிடு” என்றார் அதிகாரி, அவள் கொண்டுவந்த தயிரைச் சாப்பிட்டுக்கொண்டே.

“எங்க ஓட்டறது?” என்று கேட்டாள். கார் கிளம்பிவிட்டது.

மாமண்டை எதற்கு வேண்டுமானாலும் திட்டலாம், மூளை இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. இறந்தவனுக்கு யார் வாரிசு என்று எங்கள் பக்கம் யாரும் பத்திரம் தேடுவதில்லை. துக்கப் பந்தல் வாசலில் வரிசையாக நின்று, வருபவர்களுக்குக் கை கொடுத்து, “கடைசிக் கவலையா இருக்கட்டும்” என்ற ஆறுதலை வாங்கிக்கொள்கிறவர்கள்தான் வாரிசு. அதற்கப்புறம் எந்தக் கோர்ட்டும் பேச முடியாது. அன்று மாலையே கானிஸார் பள்ளிவாசல் முன்னால் பந்தல் எழும்பியது. மாமண்ட் தலைப்பாகையைத் தளர்த்திவிட்டு, மூன்று நாள் தாடியோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

“யாரு தலைவரே தவறிட்டாங்க?” என்று பதறினேன்.

“பாட்டன்” என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“உங்க பாட்டன் தவறினப்ப நான் பள்ளிக்கூடம் போய்ட்டிருந்தேனே?”

“அவரில்ல நாமிக், அவரோட பாட்டன். அவரோட பாட்டனோட பாட்டன். குகையில. ஐயோ, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரே!”

ஐம்பதாயிரம் வருஷமாகச் சொல்லாமல் இருந்த ஆளைப் பற்றி இவர் அழுகிறார். நான் வாயைப் பொத்திக்கொண்டு டீ கொதிக்க வைக்கும் சமோவாரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். துக்க வீட்டில் டீ நான்தான் ஊற்ற வேண்டும்.

சேதி கீழே இறங்க நேரமாகவில்லை. இரவுத் தொழுகைக்குள் தாரபனிலும் பந்தல் எழும்பிவிட்டது. ரெசூல் ஒரு படி மேலே போனார். இரண்டு பேர் தோளைத் தாங்கிப் பிடிக்க நின்றார். சுற்றுவட்டாரத்துக்காரர்கள் பாவம், எந்தப் பந்தலுக்குப் போனாலும் மற்ற ஊர் பகை. அதனால் மேலே ஒரு சாப்பாடு, கீழே ஒரு சாப்பாடு. இரண்டு பந்தலிலும் ஆட்டுக்கறியும் சோறும் தின்றுவிட்டு, நடக்க முடியாமல் என் கடையில் வந்து சரிவார்கள்.

முல்லா ஹைதரின் நிலைமைதான் கவலைக்கிடம். இரண்டு ஊருக்கும் அவர் ஒருவரே. “அவரு நம்ம மார்க்கத்துக்கு முந்தி, மூசா நபிக்கும் முந்தி. செத்தவங்களுக்கு ஓதற ஃபாத்திஹாவை அவருக்கு ஓதலாமா கூடாதா?” என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். கடைசியில், “உலகத்துல இறந்த எல்லாருக்கும்னு நெனச்சு ஓதிடறேன், அதுல இவரும் வந்துருவாரு” என்று முடித்து, இரண்டு பந்தலிலும் தொடைக்கறியை வாங்கிக்கொண்டார். பீரோஸ் புருஷனுக்கு மையத்து இல்லையே என்று கவலைப்பட்ட அதே ஹைதர்தான்.

இதற்கிடையே டாக்டர் ஷிலான், அந்த மனிதன் உயிரோடு எப்படி இருந்திருப்பான் என்று வரைந்த ஒரு படத்தைக் காட்டித் தொலைத்தாள். கண்ணுக்குமேல் வரப்புப் போட்டது மாதிரி தடித்த புருவ எலும்பு. மோவாய் என்பதே இல்லை. மாமண்டின் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அந்தப் புருவம் உண்டு. அதைக் கிண்டல் செய்ததற்காக ஒரு காலத்தில் என் அண்ணன் மண்டையை உடைத்தவர் அவர். இப்போது தலைப்பாகையை மேலே தள்ளிக்கொண்டு, “பாத்துக்க, பாத்துக்க, நல்லா தொட்டுப் பாத்துக்க” என்று வருகிறவர்களிடம் நெற்றியை நீட்டினார். ரெசூல் சும்மா இருப்பாரா? இருபது வருஷமாக மோவாய் இல்லாத குறையை மறைக்கத் தாடி வளர்த்திருந்தவர், அதைச் சுத்தமாக மழித்துவிட்டு வந்து நின்றார். சின்ன வயதிலிருந்து பழகிய எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“நாம அவங்க நேர் வம்சம் கிடையாதுங்க. ஒரு வகையில பங்காளி மாதிரி” என்று ஷிலான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

“பங்காளின்னா சொத்துல பங்கு உண்டுல்ல?” என்றார் மாமண்ட்.

இரண்டு பந்தலும் சாப்பாட்டுப் போட்டியாக மாறி, ஊரில் ஆடு தீர்ந்துவிடும்போல ஆனதும் அதிகாரி மறுபடி வந்தார். எர்பிலிலிருந்து தொலைக்காட்சிக்காரர்களை வரச்சொல்லியிருந்தார். இரண்டு பந்தல் இருந்தால் படம் நன்றாக வராது என்று ஒரே பந்தலாகப் போடச் சொன்னார். எங்கே போடுவது? இரண்டு ஊருக்கும் பொதுவான இடம் என் கடை வாசல்தான். வாசலுக்கு வலப்பக்கம் கானிஸார்க்காரர்கள் வரிசை, இடப்பக்கம் தாரபன்காரர்கள் வரிசை. வருகிறவர்கள் எந்தக் கையை முதலில் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு நுழைந்தார்கள்.

கேமராவுக்கு முன்னால் மாமண்ட் நெஞ்சில் கை வைத்து, “எங்க பாட்டன் காலத்துல இந்தப் பள்ளத்தாக்குல எங்களைத் தவிர ஒரு மனுஷக் குஞ்சு கிடையாது! அல்லா மேல ஆணை!” என்றார்.

ரெசூல் மைக்கைப் பிடுங்கினார். “பொய்! எங்களைத் தவிர ஒரு மனுஷக் குஞ்சு கிடையாது! இந்தத் தாரபன் மண்ணு மேல ஆணை!”

அன்றைக்கும் பீரோஸ் தயிர்ப்பானையோடு வந்திருந்தாள். மோருக்குத் தயிர் வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாமிக் அண்ணே, துக்கம் முடிஞ்சதும் முடிவு சொல்லிருவாங்களா?”

“சொல்லிருவாங்கன்னுதான் நெனக்கிறேன்.”

“அப்ப எனக்கு இன்னைக்கு ராத்திரி மட்டும்தான்” என்றாள். “ஒரு ஆடு குட்டி போடற நெலமைல இருக்கு. அதை எப்படி நடத்திக் கூட்டிட்டுப் போறது?”

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது? டீக்கெண்டியை டக்கென்று வைத்தேன், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் டாக்டர் ஷிலான் பந்தலுக்கு வந்தாள். நல்ல பெண், மரியாதை தெரிந்தவள். ஃபாத்திஹா ஓதிவிட்டு உட்கார்ந்தாள். அதிகாரி விட்டால்தானே? “டாக்டரம்மா, இறந்தவரைப் பத்தி நாலு வார்த்தை, டிவிக்கு” என்றார்.

ஷிலான் எழுந்து நின்றாள். அந்த மனிதனுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் என்றாள். ஒரு கை சின்ன வயதிலேயே சூம்பிப்போனது. ஒரு கண் தெரிந்திருக்காது. தானாக வேட்டைக்குப் போய்ச் சாப்பிட்டிருக்க முடியாது, யாரோ பல வருஷம் சோறு போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். வலது வரிசை உச்சுக்கொட்டியது. இடது வரிசை அதைவிடச் சத்தமாக உச்சுக்கொட்டியது.

“கடைசியா ஒண்ணு” என்றாள். “விலா எலும்புல ஒரு வெட்டு இருக்கு. கூரான கல்லை யாரோ பாய்ச்சியிருக்காங்க. மிருகம் இல்ல, விபத்தும் இல்ல. மனுஷன் கை. காயம் ஆற ஆரம்பிச்சிருக்கு, ஆனா ஆறி முடியல. அதுலதான் எறந்திருக்காரு.”

ஒரு கொலை என்றால் எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்று அந்த எர்பில்காரிக்குத் தெரியாது. கொன்றவனின் வம்சம் முழுக்க மூட்டைமுடிச்சோடு பள்ளத்தாக்கைவிட்டுப் போக வேண்டும். சமாதானம் ஆகும்வரை திரும்பக் கூடாது. இத்தனை வருஷம் ஆயிற்றே, போகட்டும் என்று விடுகிற வழக்கமெல்லாம் இல்லை. தாத்தா காலத்துக் குத்துக்குப் பேரன் ஊரைக் காலி செய்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மாமண்டின் முகம் மலர்ந்துவிட்டது. எதிர் வரிசையை நோக்கி விரலை நீட்டினார்.

“எங்க பாட்டனைக் குத்தினது யாருன்னு இப்பத் தெரியுதா ஜனங்களே? ரெசூல், ஆளுங்களைக் கூட்டிட்டு மூட்டையைக் கட்டு. பொழுது சாயறதுக்குள்ள பள்ளத்தாக்கு காலியாகணும்!”

“நாங்களா? ஏன் நாங்க?”

“பின்ன, வேற யாரு இருந்தா இங்க?”

ரெசூலுக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். மழித்த தாடையைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

“இரு, இரு. காலைல டிவிக்காரன் முன்னாடி என்ன சொன்ன? உங்களைத் தவிர ஒரு மனுஷக் குஞ்சு கிடையாதுன்னு சொன்னியா இல்லியா? அல்லா மேல ஆணை வெச்சியா இல்லியா? வேற யாருமே இல்லன்னா குத்தினது யாரு? நீதான! சொந்தப் பாட்டனை, அதுவும் கை சூம்பின கெழவனை, குத்திக் கொன்ன கூட்டமா நீங்க?”

மாமண்டின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விடவில்லை. “நீயும்தான்யா மைக்கைப் புடுங்கிச் சொன்ன! நீயும்தான் மண்ணு மேல ஆணை வெச்ச! உங்களைத் தவிர யாரும் இல்லன்னா நீதான் கொலகாரன்!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் விளங்கியது. இந்தப் பள்ளத்தாக்கில் தனியாக இருந்தவன் எவனோ அவன்தான் செத்தவனுக்கும் வாரிசு, கொன்றவனுக்கும் வாரிசு. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

மாமண்ட் தலைப்பாகையை இறக்கிப் புருவத்தை மூடினார். தொண்டையைக் கனைத்தார். “சொல்லப்போனா... நாங்க ரொம்பப் பிந்தி வந்தவங்கதான்.”

“எவ்வளவு பிந்தி?” என்றார் ரெசூல் சந்தேகமாக.

“துருக்கி சுல்தான் காலத்துல. கடைசி சுல்தான்.”

“நாங்க அதுக்கும் பிந்தி” என்றார் ரெசூல் அவசரமாக. “இங்கிலீஷ்காரன் வந்தானே, அவன் பின்னாடி.”

“எங்க அப்பா கழுதை மேல வந்து எறங்கினதை நானே பாத்தேன்!”

“நான் பொறந்ததே எல்லைக்கு அந்தப் பக்கம்! நான் பேசறதைக் கேட்டாலே தெரியலையா?”

“குகைல வௌவால் இருக்கும்னு எங்க ஊர்ல ஒருத்தனும் அந்தப் பக்கம் போனதே இல்ல.”

“குகையா? எந்தக் குகை?” என்றார் ரெசூல்.

நான் இந்த இரண்டு பேருக்கும் நாற்பது வருஷமாக டீ ஊற்றுகிறேன். நூஹ் நபியின் கப்பலிலிருந்து இப்படி விழுந்தடித்து இறங்கி நான் பார்த்ததில்லை. சிரிப்பை அடக்க சமோவாருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

காலையில் வைத்த ஆணைகளை என்ன செய்வது? முல்லா ஹைதருக்கு வேர்த்துவிட்டது. ஆளுக்குச் சில நாள் நோன்பு வைத்துப் பரிகாரம் செய்துவிடச் சொன்னார். அதன்பின் குர்ஆனைக் கொண்டுவந்தார். முதலில் மாமண்ட் கை வைத்தார்: கானிஸாருக்கும் அந்தக் குகைக்கும் அதில் படுத்திருப்பவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, நாங்கள் வந்தேறிகள், வெளியூர்க்காரர்கள். பிறகு ரெசூல் கை வைத்தார்: தாரபனுக்கும் அப்படியே, அவர்களைவிட அதிகமாக வெளியூர்க்காரர்கள். சத்தியம் முடிந்த கையோடு இரண்டு வரிசையும் வாசலிலிருந்து கலைந்து, பந்தலின் கோடியில் போய், விருந்தாளிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வரலாற்றில் முதல்முறையாக இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

“அப்ப குகை யாரோடதுய்யா?” என்று அதிகாரி டையைத் தளர்த்தினார். “காவலுக்கு யார் பேரை எழுதறது?”

அப்போதுதான் இரண்டு பிக்கப் வண்டிகள் வந்து நின்றன. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். பாதையில் பனிச்சரிவு, விடிகாலையில் கிளம்பி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். வண்டியில் துக்க வீட்டுக்காக நான்கு கிடா. முன்னால் ஹாஜி பக்ர், தொண்ணூறை நெருங்கிய பெரியவர், இரண்டு பக்கமும் ஆள் தாங்க இறங்கினார். வாசலில் நின்று கையை நெஞ்சில் வைத்து, “ஃபாத்திஹா” என்றார்.

கை கொடுக்க வாசலில் ஆள் இல்லை. எங்கள் பக்கம் வீடு எரிந்தாலும் தாங்குவோம், துக்கம் கேட்க வந்தவர் வாசலில் நிற்க, வாங்க என்று சொல்ல ஆள் இல்லாத அவமானத்தைத் தாங்க மாட்டோம். பெரியவர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் தேடினார். “யாரு வீட்டுத் துக்கம் இது?” என்று கேட்டார். மாமண்ட் தரையைப் பார்த்தார். ரெசூல் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தார். நானே போய் நின்றுவிடலாமா என்று ஒரு அடி வைத்தேன்.

எனக்கு முன்னால் பீரோஸ் போய்விட்டாள். தயிர்க் கையைத் தலைத்துணி முனையில் துடைத்துக்கொண்டு, ஆண்கள் நிற்கும் வாசலில், பெண்கள் நிற்கவே கூடாத இடத்தில், போய் நின்றாள்.

“வாங்க பெரியவரே. என் வீட்டுத் துக்கம்தான்.”

“பீரோஸ்!” என்று முல்லா ஹைதர் பதறினார். “அது ஆம்பளைங்க நிக்கிற எடம்மா!”

“ஆம்பளைங்க வந்து நிக்கட்டும், நான் நகர்ந்துக்கறேன்” என்றாள். பெஞ்சில் ஒருவரும் அசையவில்லை. அவள் முல்லாவைப் பார்த்தே பேசினாள். “முப்பது வருஷமா அவரு படுத்திருந்த மண்ணு மேலதான் நான் படுத்திருக்கேன். அவரு அடுப்பு மேலதான் என் அடுப்பு. என் வீட்ல செத்தவரு எனக்கு யாருமில்லையா?”

அதிகாரி எட்டிப் பார்த்தார். “அம்மா, பாத்துப் பேசு. செத்தவரு உங்க ஆளுன்னா கொன்னவனும் உங்க ஆளாயிடுவான். ரத்தப் பழி வரும்.”

“வரட்டுமே” என்றாள் பீரோஸ். “ஒரே வீட்ல இருந்தவங்க. ஒருத்தன் குத்தினான், இன்னொருத்தர் சோறு போட்டுப் பாத்துக்கிட்டாங்க. எல்லாரும் என் வீட்டு ஆளுங்கதான். பழி கேக்க வேண்டியவ நான்னா நான் மன்னிச்சுட்டேன். மன்னிப்பு கேக்க வேண்டியவளும் நான்னா கேட்டுக்கறேன். முடிஞ்சுதா?”

முல்லா ஹைதர் தாடியைத் தடவினார். ரத்தத்துக்கு உரியவர் மன்னித்துவிட்டால் அதற்குமேல் ஒரு சட்டமும் கிடையாது, அது அவருக்கும் தெரியும்.

ஹாஜி பக்ருக்கு இந்தக் கதையெல்லாம் காதில் சரியாக விழவில்லை. துக்கப்பட்ட ஒரு பெண் எதிரில் நிற்கிறாள், அவருக்கு அது போதும். “அல்லா அவரை மன்னிக்கட்டும் மகளே. கடைசிக் கவலையா இருக்கட்டும்” என்றார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். கடைசிக் கவலையா இருக்கட்டும். கடைசிக் கவலையா இருக்கட்டும். அவள் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தாள். பெரியவர் உட்கார்ந்து, ஓதுவதற்குக் கையை ஏந்தினார். ஏந்தியவர் நிறுத்தினார்.

“பேரு சொல்லும்மா. பேரு சொல்லித்தான் ஓதணும்.”

மூன்று நாளாக அழுதோம், ஆடு அறுத்தோம், டிவியில் பேசினோம். செத்தவனுக்குப் பேர் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் டாக்டர் ஷிலானைப் பார்த்தார்கள். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“ஸாபிர்” என்றாள் பீரோஸ்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கோடி பெஞ்சுவரைக்கும் கேட்டது. மாமண்ட் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரெசூலின் தாடையில் மறைக்கத் தாடி இல்லாததால் அது நடுங்கியது எல்லாருக்கும் தெரிந்தது. ஹாஜி பக்ர், “ஸாபிரோட ஆத்மாவுக்கு, ஃபாத்திஹா” என்றார். பந்தல் முழுக்க ஓதியது. முல்லா ஹைதரும் ஓதினார், இந்த முறை உலகத்தில் இறந்த எல்லாருக்கும் என்று இல்லை. பீரோஸ் அழுதாள். முப்பது வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சமோவார் புகை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அன்று மாலை அதிகாரி குகைக்கான பூட்டையும் சாவியையும் அவள் கையில் கொடுத்தார். வேறு யாரிடம் கொடுப்பது? கேமரா முன்னால் இரண்டு ஊரும் குர்ஆன் மேல் கைவைத்தாகிவிட்டது. ஆடுகளுக்குக் குகை வாசலில் தனியாகப் பட்டி. குட்டி போட வேண்டிய ஆடு உள்ளேயே குட்டி போட்டது. வாசலில் பலகை மாட்டினார்கள்: உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம், வெளியூர்க்காரர்களுக்குக் கட்டணம்.

கோடையில் டாக்டர் ஷிலான் திரும்பி வந்தாள். எலும்பை மறுபடி பார்த்ததில், விலா வெட்டு மேற்கூரையிலிருந்து விழுந்த கல்லாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். என் கடையில் உட்கார்ந்துதான் சொன்னாள். அவள் டீயைக் குடித்து முடிக்கவில்லை, மாமண்டும் ரெசூலும் அரக்கப் பரக்க மலை ஏறினார்கள். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன்.

கேட் பூட்டியிருந்தது. பீரோஸ் உள்ளே ஒரு ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

“தெற பீரோஸ்” என்றார் மாமண்ட் மூச்சு வாங்க. “எங்க பாட்டனைப் பாக்க வந்திருக்கோம். கொலை இல்லையாம், கல்லாம்!”

“எங்க பாட்டன்!” என்றார் ரெசூல்.

பீரோஸ் குட்டியை இறக்கிவிட்டு நிதானமாக எழுந்து வந்தாள். கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, தலைக்குமேல் இருந்த பலகையைக் காட்டினாள்.

“நீங்க எந்த ஊரு?” என்று கேட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சத்தியம் செய்த நினைவு வந்திருக்க வேண்டும். டிக்கெட் காசுக்குச் சட்டைப்பையில் கையைவிட்டார்கள். எனக்கு மட்டும் அவள் சும்மாவே திறந்துவிட்டாள்.